நேசபாய்க்குக் கொடுக்காத சோடா

சாயங்காலம் நாலு மணி. சிதறாலிலிருந்து இறங்கும் ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர்... கொட்டுகிற மழை, ஆள் அரவமே இல்லை. பகல்தானே என்று சிரிக்காதே, அஜிஷா. உன் அக்காள் ஜினிஷாவோடு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்த ஸ்டெனிக்கு நடந்தது இது.

அவன் ஓட்டிவந்த பைக்கின் பின்சீட் சட்டென்று அமுங்கியது. ஆள் ஏறின கனம். காதருகே ஒரு ஏப்பம்... ஓமவாட்டர் வாடை. திரும்பாமலே அவனுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

நேசபாய். இரண்டு மாதம் முன்பு எக்கோ, அதான் இதய ஸ்கேன், எடுக்க வந்தவள். "சோறு தின்னா நெஞ்சுல ஆரோ ஏறி இருக்கது போல இருக்கு மக்கா" என்றாள். திரையில் ஸ்டெனி பார்த்தான். இதயத்தின் இடது மேலறையைப் பின்னாலிருந்து ஏதோ அமுக்கிக்கொண்டிருந்தது. இரைப்பை மேலே ஏறி வந்தாலும் அப்படி அமுக்கும். ஒரு சோடா குடிக்கக் கொடுத்தால் போதும், அந்த இடத்தில் குமிழி ஓடுவது தெரிந்துவிடும். ஆனால் அன்று சனிக்கிழமை. கடைக்குப் போக ஆளில்லை, அவனுக்கோ பசி. முந்தைய ஆளின் நார்மல் ரிப்போர்ட்டில் பேரை மட்டும் மாற்றி நீட்டிவிட்டான். கேஸ் மாத்திரையோடு போனவள், பதினெட்டாம் நாள் கல்யாணப் பந்தியில் பிரதமன் பாயசம் ஊற்றின இலை மேலேயே சாய்ந்து செத்துப்போனாள்.

"எறங்கும்மா..." என்று கெஞ்சினான். அவன் முதுகில் ஒரு கை பதிந்தது. ஈரக் கை. கொஞ்ச நேரத்தில் அது முதுகில் இல்லை... உள்ளே இருந்தது.

பைக்கைத் தக்கலையில் இருக்கிற ஸ்கேன் சென்டருக்கே விட்டான். "ஏட்டி ஜினிஷா, எனக்கு ஒரு எக்கோ எடு. மூச்சு வரமாட்டேங்கு."

எடுத்தாள். அதே மேலறை, அதே அமுக்கம். "சோடா வாங்கிட்டு வா" என்றான். அவளே ஓடிப்போய் வாங்கி வந்து குடிக்க வைத்தாள். அமுங்கின இடத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. கருவியைச் சற்றுத் திருப்பினாள். மேலறைச் சுவரில் நாலு பள்ளம், வரிசையாக. எதிர்ச் சுவரில் ஒன்று.

"அண்ணா... இது வெரலு மாதிரி கெடக்கு."

ஸ்டெனி அழுதான். "நான் பாத்தேன்லா நேசபாய்... பாத்துட்டுதான் எழுதாம விட்டேன். என்ன விட்டுரு."

ஐந்து பள்ளமும் ஒன்றாய்ச் சேர்ந்தன. திரையில் இதயம் நின்றது.

டாக்டர் ஓடி வந்து நெஞ்சை அழுத்திப் பார்த்தார். அரை மணி நேரம். பிறகு மணியைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். கருவியைத் துடைத்து வைக்கப் போன ஜினிஷாவின் கை தவறி, அது மறுபடியும் அவன் நெஞ்சில் பட்டது.

திரையில், நின்றுபோன இதயத்தைப் பிடித்திருந்த விரல்கள் மெல்ல விரிந்தன... சுருங்கின... விரிந்தன.

ஸ்டெனி கண்ணைத் திறந்தான்.