நெயில் பாலிஷும் பதினோரு ரிலேயும்

இந்தக் காத்திருப்பு அறையில் காபி மெஷின் நன்றாக வேலை செய்கிறது. பொத்தானை அழுத்தியதும் சில நொடிகள் எதுவும் நடக்காது. பலர் அதற்குள் பொறுமை இழந்து மறுபடி அழுத்தி, கோப்பை வழிந்து கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் உள்ளே தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அவசரம் வராது. நீங்களும் கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், நான் சொல்ல வந்தது முழுவதும் வந்து சேரும்.

கார் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். இந்தக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால், பட்டறை ஓரத்துப் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரியும். அவர்தான் ஃபோர்மேன். இன்று மாலைக்குள் அவரை வேலையிலிருந்து நீக்குவதா வேண்டாமா என்று எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள். நீக்க வேண்டாம். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்று விளக்கத்தான் வந்தேன்.

நான் தராசு ஆய்வாளர். இருபத்தெட்டு வருடங்களாகக் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிக்கிறேன். கடைக்காரர் சிரிப்பார், நாற்காலி போடுவார், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். அதெல்லாம் எனக்குக் கணக்கில்லை. என் பையிலிருக்கும் எடைக்கல்லை வைப்பேன், முள் நிற்கும் இடத்தைப் பார்ப்பேன். தப்பாகக் காட்டும் தராசு என்னைத் தொந்தரவு செய்வதில்லை; அது என்ன என்று தெரிந்துவிடுகிறது. சரியாகக் காட்டும் தராசுதான் மனதில் கிடந்து உறுத்தும். உண்மையிலேயே சரியா, அல்லது நான் வரும்போது மட்டும் சரியா?

கார் வாங்கிய முதல் வருடம், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் சொன்னார்: "சர்வீஸ்ல விட்டா ஃபில்டரை ஃபூன்னு ஊதிட்டு அதையே மாட்டிடுவான் சார். பில்லுல மட்டும் புதுசு. வாரண்டியா, அது அவங்க அகராதியிலேயே கிடையாது."

எனக்கு அவர்மேல் கோபமில்லை. அவர் சோதித்துப் பார்க்காமல் சொன்னார் என்பதுதான் வருத்தம்.

அதனால் முதல் சர்வீஸுக்கு முன்னால், மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், நான்கு ஸ்பார்க் பிளக் எல்லாவற்றிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். நெயில் பாலிஷ் இதற்கு நல்ல பொருள். சூடு தாங்கும், எண்ணெயில் சுலபமாக அழியாது, பேனா மைபோல வழியாது. வண்டி திரும்பி வந்தது. சொன்னதையெல்லாம் மாற்றியிருந்தார்கள். புள்ளி வைத்த பழைய பாகங்களைப் பையில் போட்டு, பின் இருக்கையில் குழந்தையைப் போல உட்கார வைத்திருந்தார்கள்.

வேறொருவர் என்றால் இதோடு நிறுத்தியிருப்பார்.

அடுத்து, கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி ஒரு கோலிக்குண்டு போட்டேன். வளைவில் திரும்பும்போது மட்டும் உருளும். 'எங்கேயோ சத்தம்' என்று மட்டும் சொல்லி விட்டேன். சத்தம் கேட்கவில்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் ஃபோர்மேனே போன் செய்தார். பட்டறையில் அவரை 'டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். இரும்பு வழியாகச் சத்தம் சுத்தமாக வரும், அருமையான முறை.

"சார், கதவுக்குள்ள கோலிக்குண்டு. வீட்ல குட்டிப் பசங்க இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றேன். இல்லை.

"அதான பார்த்தேன். திட்டாதீங்க சார், பாவம். எடுத்து வச்சிருக்கேன், மறக்காம குடுத்துடுங்க. தேடிட்டு இருக்கும்."

கோலிக்குண்டைக் கழுவித் துடைத்து, சீட்டு ஒட்டிய பையில் கொடுத்தார். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கப்புறம்தான் ரிலேவுக்கு வந்தேன். ரிலே என்பது தீப்பெட்டியில் பாதி இருக்கிற ஒரு கருப்புப் பெட்டி. உள்ளே ஒரு சின்னக் காந்தம். நீங்கள் ஹாரனை அழுத்தினால் காந்தம் ஒரு தகட்டை இழுக்கும், தகடு ஒரு முனையைத் தொடும், 'டிக்' என்று சத்தம் வரும், ஹாரனுக்குக் கரண்ட் பாயும். வைப்பருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று. எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்: பெரிய வேலையைச் செய்யச் சின்ன வேலைக்காரன் ஒருவன் கதவைத் திறந்துவிடுகிறான்.

அந்த முனையில் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லியதாக ஒரு தொடு தொட்டால், காந்தம் இழுக்கும், 'டிக்' வரும், ஆனால் கரண்ட் போகாது. சில நேரம் போகும். அதுதான் முக்கியம். முழுக்கக் கெட்டதை எந்த முட்டாளும் கண்டுபிடிப்பான். பாதி கெட்டதுதான் சோதனை. பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் நான் தொட்டதே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கென்று ஒரு நெறி இருக்கிறது.

டாக்டர் என் காரை ஓட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் தெருத்தெருவாக ஹாரன் அடித்தபடி சுற்றினார் என்று கவுண்டரில் இருக்கும் பெண் சொன்னாள். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்களாம். ஆனால் கண்டுபிடித்துவிட்டார்.

"டிக் வருது சார், கரண்ட் வரல. உங்க காரு எனக்குப் பரீட்சை வைக்குது," என்று சிரித்தார். "திறந்து பாக்கணும்னு கை அரிக்குது. ஆனா வாரண்டில மாத்துன பாகத்தை நாங்க திறக்கக் கூடாது. அப்படியே கட்டி கம்பெனிக்கு அனுப்பணும்."

நல்ல விதி. அது இல்லாவிட்டால் அவர் என்னை முதல் ரிலேயிலேயே பிடித்திருப்பார்.

ஒரு கார் எதையும் நிரூபிக்காது. என்னிடம் மரியாதை வைத்து ஒழுங்காகச் செய்திருக்கலாம். வேறு கார்களும் வேண்டும். அதில் சிரமம் இருக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் அடித்தளத்தில் ஒன்றின் பின்னால் ஒன்றாகத்தான் கார் நிறுத்த முடியும். முன்னால் நிற்பவர் வெளியே போகவேண்டுமென்றால் பின்னால் நிற்கும் காரை நகர்த்தவேண்டும். அதனால் எல்லாச் சாவிகளும் செயலாளர் வீட்டுப் பலகையில் தொங்கும். செயலாளர் நான்தான். இந்தப் பொறுப்புக்கு என்னைத் தவிர யாரையும் நம்ப முடியாது என்று கூட்டத்தில் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அவர்களில் பத்துப் பேர், நான் சொன்னேன் என்பதற்காகவே இதே கம்பெனிக் காரை இதே இடத்தில் வாங்கியவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஒரு வாளியும் துணியுமாக இறங்குவேன். கார் துடைத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்தார்கள். துடைத்தும் கொடுத்தேன்.

மூன்றாம் மாடியில் ஒரு பெண் தேர்வெழுதப் போனபோது மழை பிடித்துக்கொண்டது, வைப்பர் நின்றுவிட்டது. ஓரமாக நிறுத்திக் காத்திருந்து, அரை மணி தாமதமாகப் போனாள். உள்ளே விடவில்லை. அடுத்த வருடமும் தேர்வு நடத்துகிறார்களாம். அதே குடியிருப்பில் வாடகைக்கு இருந்த என் மச்சானுக்கு ஏசி. கோட்டும் டையுமாக நேர்முகத்துக்குப் போனவன், குளத்திலிருந்து எடுத்ததுபோல வியர்வையில் நனைந்து போய் நின்றிருக்கிறான்.

"என்ன கேள்வி கேட்டாங்க?" என்றேன்.

"ஒரே கேள்விதான் அத்தான். ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமான்னு கேட்டாங்க."

வேலை கிடைக்கவில்லை. இப்போது எங்கள் கூடத்தில்தான் படுக்கிறான். நன்றாகக் குறட்டை விடுகிறான். நானும் ஏதோ ஒரு விதத்தில் பாதிக்கப்பட்டிருக்கிறேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வீட்டிலும் நிலைமை சரியில்லாமல் போனது. மனைவி ஒருநாள் நிறமில்லாத நெயில் பாலிஷின் காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

"மூணாவது பாட்டில். யாரு அவ?"

"யாரும் இல்ல."

"நீங்களே பூசிக்கிறீங்களா?"

நான் யோசித்தேன். உண்மையைச் சொல்வதைவிட அது மேலாகத் தோன்றியது. "ஆமா," என்றேன். அவள் வெகுநேரம் என் கையைப் பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளைப்போல ஒருத்தி கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பதினோரு கார். பதினோரு ரிலே. டாக்டர் பதினொன்றையும் கண்டுபிடித்தார். ஒருமுறைகூட 'பழுது இல்லை' என்று எழுதித் தப்பிக்கவில்லை. ஒருமுறைகூடக் கூடுதலாக ஒரு திருகாணிக்குக் காசு கேட்கவில்லை. கடைசிக் கார் வந்தபோது, விடுமுறை நாளில் எங்கள் குடியிருப்புக்கே வந்து அடித்தளத்தில் ஈரம் இருக்கிறதா, எலி இருக்கிறதா என்று முட்டி போட்டுப் பார்த்தார்.

"எல்லாக் காரும் உங்க பில்டிங்கோடதாவே இருக்கு சார். எங்க தப்பு பண்றேன்னு தெரியல. தூக்கமே வரல," என்றார். நான் அவருக்கு மோர் கொடுத்தேன்.

மற்ற பட்டறைகளில் வருடத்துக்கு ஒரு ரிலே போகுமாம். இங்கிருந்து பதினொன்று வந்ததும் உங்கள் ஆய்வகத்தில் திறந்து பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே பூச்சு. வாரண்டி வேலைக்குக் கம்பெனி தரும் கூலிக்காகப் பட்டறையே கெடுத்திருக்கிறது என்று முடிவு கட்டினீர்கள். பதினோரு சீட்டிலும் அவர் கையெழுத்து. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சோதனை இல்லாமல் நினைத்திருக்கமாட்டேன், அவ்வளவுதான். அவர் சோம்பேறியாக இருந்து பாதியைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால், இன்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கமாட்டார். இதில் எனக்கும் பங்கிருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும்.

ஆக, பதினொன்றையும் கெடுத்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வாக்குமூலம் என்று தலைப்பிட வேண்டாம். நேர்மையான தராசுக்கு முத்திரை குத்துவோம் இல்லையா, அந்த மாதிரி ஒரு சான்று இது. இந்த மனிதரைப் போல இவ்வளவு கடுமையாக யாரையும் யாரும் சோதித்திருக்கமாட்டார்கள்.

நான் சொல்வதை நீங்கள் அப்படியே நம்பவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. வெறும் வாய்வார்த்தை, நானே நம்பமாட்டேன். காலையில் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னீர்கள். உங்கள் கார்ச் சாவி கவுண்டரில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்னை நன்றாகத் தெரியும். கொஞ்சம் நகர்த்தி நிறுத்துகிறேன் என்றதும் கொடுத்துவிட்டாள்.

பதறவேண்டாம், உட்காருங்கள். டாக்டரைக் கூப்பிட்டு, கார் சரியில்லை என்று மட்டும் சொல்லுங்கள். கண்டுபிடித்தால் அவரை வேலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்காகத்தான் இதைச் செய்திருக்கிறேன். எங்கே என்று என்னிடம் கேட்காதீர்கள். சொல்லிவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. ரிலே இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். ரிலேயில் அவருக்குப் பழக்கம் அதிகமாகிவிட்டது.