வாசலில் அடித்த வாடை

எனக்கு ஷாம்பு வாசனை ஆகாது ஐயா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

ஊர் முழுக்கத் தலைக்குத் தேய்த்துக் குளிக்கிற தண்ணீர் கடைசியில் எங்கள் கழிவுநீர் நிலையத்துக்குத்தான் வந்து சேரும். கசடு தொட்டியில் புளித்து வாயு கிளம்பும். அந்த வாயுவில்தான் நிலையத்துக்குக் கரண்ட் எடுக்கிற என் எஞ்சின் ஓடியது. என்னுடையது என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் அதன் இருமலையும் மூச்சையும் வீட்டில் இருப்பவர்கள் குரலைவிட அதிகமாகக் கேட்டவன் நான்.

அந்த வாயுவோடு இரண்டு சனியன்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்று, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற விஷம். இன்னொன்று, ஷாம்புவிலிருந்தும் கிரீமிலிருந்தும் வருவது. எஞ்சினுக்குள் எரிந்ததும் அது வெள்ளைப் பொடியாகி, மணல் மாதிரி உள்ளே அறுக்கும். இரண்டையும் பிடித்து வைக்கத்தான் பக்கத்து அறையில் கரி நிரப்பிய டிரம் இருக்கிறது. கரியை அவ்வப்போது மாற்ற வேண்டும். அவ்வளவுதான் அதன் மருந்து.

என் தங்கையின் கணவர்தான் அங்கே மேற்பார்வையாளர். தங்கமான மனிதர். என் தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. கரியை மாற்றச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

"ஓடுற வரைக்கும் ஓடட்டும் மச்சான். இப்ப எதுக்கு அவசரம்?" என்பார்.

கடைசியில் எஞ்சின் நின்றேபோனது. பிரித்தபோது பிஸ்டன் தலையெல்லாம் வெள்ளை. விரல் பட்டதும் நறநறத்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவுதான், எடைக்குப் போட்டுடலாம். வாயுவை வெளியிலயே கொளுத்திக்கலாம்."

பழைய பேப்பரைச் சொல்வதுபோலச் சொன்னார். சுரண்டி எடுத்தால் பிழைத்துவிடும் என்று கெஞ்சினேன். சிரித்தார். கெடுத்தவரே தீர்ப்பும் சொன்னால் எப்படி ஐயா? எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது. அதை மறைக்கும் எண்ணமில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்த விஷம் கொஞ்சமாக இருந்தால் நாறும். மிஞ்சிவிட்டால் மூக்கைச் சாகடித்துவிடும், நாற்றமே தெரியாது. ஆகவே கரி அறைக்குள் எப்போதும் இரண்டு பேர் தோளோடு தோளாகப் போவோம். "அடிக்குதா?" என்று ஒருவர் கேட்க வேண்டும். அடுத்தவர் "இல்லை" என்றால் இருவரும் வெளியே ஓட வேண்டும். இதற்கென்று ஒரு கருவியும் இருந்தது. சும்மா சும்மா கத்துகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றி வைத்தவர் மாப்பிள்ளைதான், நான் இல்லை.

பழைய இரும்புக்காரர் வரவிருந்த அன்று, எஞ்சினுக்கு வாயு போகும் வால்வை மூட அவர் கரி அறைக்குக் கிளம்பினார். அவருக்கு நல்ல ஜலதோஷம். காலையிலேயே அந்த அறையின் விசிறியை நிறுத்தி, டிரம் மூடியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கதவைச் சாத்திவிட்டு நான் டீ குடிக்கப் போயிருந்தேன். டீ நன்றாகவே இருந்தது.

திரும்பி வந்து அவர் பின்னாலேயே நடந்தேன். உள்ளே போனவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"மூக்கடைப்புல எனக்கு ஒண்ணும் தெரியல மச்சான். உங்களுக்கு அடிக்குதா?"

"நல்லா அடிக்குது மாப்ள. நீங்க வேலையப் பாருங்க."

நான் தோளுக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டார். நான் வாசற்படியைத் தாண்டவே இல்லை. வால்வில் கை வைத்தபடி உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். வால்வு பாதிகூட மூடியிருக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டேன். கதவைச் சாத்தினேன்.

"கூடத்தானே அண்ணா போனீங்க?" என்று தங்கை கேட்டாள். அவள் தலையில் அதே ஷாம்பு வாசனை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆமாம், அவரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொய் சொல்லிக் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. நான் நின்ற இடத்தில் வாடை அடிக்கத்தான் செய்தது.