கோளாம்பியில் வந்த பட்டாளம்

திருப்பூணித்துறைப் பெருமாள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எனக்கு டாக்டர் சர்க்கரையை விலக்கியிருப்பதால் உங்களுக்கும் சர்க்கரை இல்லாத சாயாவே சொல்லியிருக்கிறேன். மன்னிக்க வேண்டும்.

நான் பிச்சுமணி. மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த சினிமாக் கொட்டகையில் இருபத்தாறு வருஷம் ஆபரேட்டர். பத்து வருஷத்துக்கு முன்னால் காணாமல்போன வெங்கிட்டுவைப் பற்றி விசாரிக்க அவன் பெண்டாட்டி கமலாக்ஷி உங்களை வக்கீலாக அமர்த்தியிருக்கிறாள். நல்ல காரியம். அவனைக் கடைசியாகப் பார்த்த சிநேகிதன் நான்தான்.

ஊரில் என்னைப் புளுகன் என்பார்கள். ஒருமுறை காயலில் வழி தவறி வந்த திமிங்கிலம் எங்கள் கொட்டகையின் பின்சுவரில் காதை வைத்து முழுப் படத்தையும் கேட்டுவிட்டுப் போனது. சோகக் காட்சியில் காயல் ஒரு சாண் உயர்ந்தது. இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. அதிகம் சிரித்தவன் வெங்கிட்டு. அவன் மிளகுக் கிடங்கில் குமாஸ்தா. தொழிலாளர் யூனியனுக்குச் செயலாளர். சாயாக்கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னான்: “ஓய் பிச்சுமணி, உம்ம வாயிலேர்ந்து ஒரு நிஜம் வர்ற அன்னிக்குத்தான் இந்த நாட்டுல பட்டாள ஆட்சி வரும்.”

சுமைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அது எழுபத்தைந்து. நெருக்கடி நிலை வந்து மூன்றாவது மாதம். பக்கத்து நாட்டில் பட்டாளம் புகுந்து தலைவரைக் குடும்பத்தோடு சுட்ட செய்தி வந்திருந்தது. அதிலிருந்து வெங்கிட்டுவுக்குச் சோறு இறங்கவில்லை. யூனியனின் தடை செய்யப்பட்ட நோட்டீஸ்கள் அவன் வீட்டு அரிசிப் பானையில் இருந்தன. அது எனக்கு மட்டும் தெரியும். என்னிடம் அவன் சொன்னதற்குக் காரணம், நான் வெளியே சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்பதுதான்.

“அடுத்தது இங்கதான் ஓய்,” என்பான். “முதல்ல ரேடியோவைப் பிடிப்பான். அப்புறம் ஓரோ ஊரிலயும் கோளாம்பியைப் பிடிப்பான்.”

கோளாம்பி என்று இங்கே சொல்வது கொட்டகைக் கூரையில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியை. அதில் பாட்டு மட்டுமே போடுவோம். பாட்டு நின்றால் படம் தொடங்கப் போகிறது என்று ஊருக்கே தெரியும். வசனம் அதில் வந்ததே கிடையாது.

செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. காலையில் புதுப் படப்பெட்டி வந்தது. ஏதோ ஒரு கற்பனை நாட்டில் தளபதி ஆட்சியைப் பிடிக்கிற தமிழ்ப் படம்; போன மாதமே அக்கரைக் கொட்டகையில் பார்த்திருக்கிறேன். புதுப் பெட்டி வந்தால் ஆளில்லாத கொட்டகையில் ஒவ்வொரு ரீலாக ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஏழாவது ரீலில் தளபதி வானொலி முன்னால் உட்கார்ந்தான். அந்த நிமிஷம்வரை என் மனசில் ஒன்றும் இல்லை. கை தானாகப் போய், படத்தின் சத்தத்தைக் கோளாம்பிக்குத் திருப்பும் சுவிட்சைப் போட்டது.

“இந்த நேரம் முதல் நாட்டின் ஆட்சி ராணுவத்தின் கையில் உள்ளது. தடை செய்யப்பட்ட காகிதங்களை வைத்திருப்போர் விசாரணையின்றிச் சுடப்படுவார்கள்.”

நல்ல செந்தமிழ், செய்தி வாசிப்பதுபோலவே இருந்தது. தெருவில் மலையாளிகள் ஏதோ தமிழ்ப் படம் என்று மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தினமும் ரேடியோவில் காதை ஒட்டிவைத்துத் தமிழ்ச் செய்தி கேட்கிறவன் அந்தத் தெருவில் ஒருத்தன்தான் இருந்தான்.

ஐந்து நிமிஷத்தில் வெங்கிட்டு என் மிஷின் அறைக்குள் நின்றான். காலில் செருப்பில்லை. கையில் அரிசி ஒட்டிய பொட்டலம்.

“கேட்டீரோ?”

“கேட்டேன்.”

“பிடிச்சுட்டானோ?”

பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போகிற துவாரத்துக்குப் பக்கத்தில், நாங்கள் படம் பார்க்க ஒரு சின்னத் துவாரம் உண்டு. அவன் கொஞ்சம் குனிந்திருந்தால் திரையில் தளபதியின் ஒட்டு மீசை தெரிந்திருக்கும். நான் அந்தத் துவாரத்தில் முதுகை வைத்துச் சாய்ந்துகொண்டேன். வயசான முதுகு, சாய இடம் கேட்கும்.

“பிடிச்சுட்டான்,” என்றேன். “கொட்டகை வாசல்ல ரெண்டு பட்டாள லாரி நிக்கறது. பொட்டலத்தை என்கிட்ட தாரும். பின்வாசல் வழியா ஃபோர்ட்கொச்சி போட் ஜெட்டிக்குப் போம். பன்னிரண்டு மணி போட்ல அக்கரை வைப்பினுக்குக் கடந்துட்டா உமக்கு ஒண்ணும் வராது.”

அவன் என் முகத்தையே பார்த்தான். நான் புளுகும்போது இடது புருவம் ஏறும் என்பது அவன் கண்டுபிடிப்பு. அன்று அது ஏறவில்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“கமலாக்ஷிகிட்ட சொல்லிடும் ஓய்.”

சொல்கிறேன் என்றேன். அறுபது வயசில் முதல்முறையாக ஒருத்தன் நான் சொன்னதை முழுசாக நம்பினான். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜெட்டியில் போலீஸ் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கேதான் இல்லை. மாலையில் என்னிடமும் வந்தார்கள். பொட்டலத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். போலீஸிடம் நான் பொய் சொல்வதில்லை. அவன் எந்த முகாமுக்குப் போனான், எந்த மாதம் அவனைப் பற்றிய பேச்சு நின்றது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கமலாக்ஷி கேட்டபோது, பட்டாளம் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றேன். அவள் நம்பவில்லை. “அண்ணா, இப்பவாவது நிஜம் சொல்லுங்கோ,” என்றாள்.

ஆக, நான் செய்தது ஒரு விளையாட்டு. ஒரு சுவிட்ச். அது அப்படிப் போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் எடுத்துவந்த காகிதங்களில் தமிழில் எழுதிய ஒரு தபால் கார்டு இருக்கும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வைப்பின் போட்டுக்கு வெங்கிட்டு வருவான் என்று என் கையெழுத்தில் இருக்கும். அதில் தபால் முத்திரை செப்டம்பர் எட்டு.