ஈயம் இல்லாத சாம்பல்

— கயித்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க வீரமணி. மிதிக்காதீங்க.

— என் வலைக்கொட்டகை மேடம். நான் கட்டுனது. என் சாம்பல நானே மிதிக்கக் கூடாதா?

— நான் சலிச்சு முடிக்கிற வரைக்கும் அது உங்க சாம்பல் இல்ல.

— பன்னண்டு நாளைக்கு முன்னாடியே வந்து டப்பா டப்பாவா அள்ளிட்டுத்தான போனீங்க? காயாரோகணம் மவன் யுவன்தான் கொளுத்துனான்னு போலீசு புடிச்சு உள்ள போட்டாச்சு. செம்மொழி மேடத்துக்கு மட்டும் இன்னும் சந்தேகம்!

— போலீஸ் புடிச்சது நீங்க பேர் சொன்னதால. எனக்கு ஆய்வுக்கூடத்துல வேலை. சாம்பல் சொல்றதத்தான் எழுத முடியும். நாளைக்கு கோர்ட்டுக்கு என் அறிக்கை போவணும். அந்தப் பையன் வெளிய வர்றதும் உள்ளயே கெடக்குறதும் அதுலதான் இருக்கு.

— அப்ப நல்லா எழுதுங்க. மீன் ஏலத்துல அத்தன பேரு முன்னாடி, ‘ஒன் கொட்டகைய இருந்த எடம் தெரியாம பண்றேன் பாரு’ன்னான். ஊரே கேட்டுச்சு. மண்ணெண்ணெய் வந்திருக்கா இல்லியா, அத சொல்லுங்க மொதல்ல.

— வந்திருக்கு. இஞ்சினுக்குன்னு நீங்க வச்சிருந்ததுதான். கேன் ஒரு மூலையில உருகிக் கெடந்துச்சு. எண்ணெய் நாலு மூலையிலயும் இருக்கு. ஊத்தித்தான் கொளுத்தியிருக்காங்க.

— பாத்தீங்களா! பூட்ட ஒடச்சு உள்ள பூந்து, என் எண்ணெயவே ஊத்தியிருக்கான் படுபாவி.

— பூட்டு இதோ. கருகிடுச்சு, ஆனா பூட்டுனது பூட்டுனபடி இருக்கு.

— கீத்துக் கொட்டகைதான? கீத்த வெலக்கிக்கிட்டு பூந்திருப்பான்.

— சரி. உள்ள என்னென்ன இருந்துச்சு?

— எத்தன தடவ சொல்றது? நாலு வலை. ஒரு இஞ்சின்.

— ஒரு வலையில ஈயக்குண்டு எவ்வளவு இருக்கும்?

— பத்து கிலோவுக்குக் கொறையாது. ஈயம் இல்லாம வலை எப்புடி தண்ணியில எறங்கும்? வயக்காட்டுப் புள்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது.

— தெரியாது. திருப்பனந்தாள் பக்கம், நடவு நட்ட குடும்பம் நாங்க. அதான் கேட்டுக்கிறேன்.

— எல்லையம்மா, மேடத்துக்குத் தண்ணி மோந்து குடு. வந்ததுலேர்ந்து குத்துக்கல்லாட்டம் உக்காந்து மண்ணையே பாத்துக்கிட்டு இருக்க.

— அந்தப் புள்ளைக்கு உள்ள சோறு கீறு ஒழுங்கா போடுறாங்களாம்மா?

— கேட்டீங்களா மேடம்? நம்ம வயித்துல அடிச்சவனுக்கு எம் பொண்டாட்டி சோறு விசாரிக்கிறா. தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பெரிய மவன கடல் கொண்டுட்டுப் போனதுலேர்ந்து அவ இப்புடித்தான். என்னையும் போவாத போவாதன்னு ஒரே புலம்பல். கடலுக்குப் போவாம கலெக்டரு வேலைக்கா போறது?

— வீரமணி, வலை எரிஞ்சா நைலான் உருகி கட்டி கட்டியா நிக்கும். ஈயம் உருகி மண்ணுல எறங்கும். எப்படியும் காணாமப் போவாது. ஒரு முழம் ஆழம் தோண்டிச் சலிச்சுட்டேன். இஞ்சின் கெடக்கு. ஒரு கட்டி நைலான் இல்ல. நாப்பது கிலோ ஈயத்துல ஒரு குண்டு இல்ல.

— அப்ப... அப்ப திருடிட்டுக் கொளுத்தியிருக்கான்.

— நீங்க கடைசியா எப்ப உள்ள போனீங்க?

— மாரியம்மனுக்குக் காப்பு கட்டுன அன்னிக்கு. காப்பு கட்டிட்டா பத்து நாளு ஒரு போட்டும் கடல்ல எறங்காது. கொட்டகைப் பக்கம் எதுக்கு வர்றோம்? தேரு இழுத்த அன்னிக்கு மத்தியானம் ஊரே கோயில்ல நிக்கிது, இங்க பொகையுது.

— நாலு வலைய ஒரே நாள்ல ஒரு ஆளு எடுக்க முடியாது. ரெண்டு மூணு நாளா எடுத்திருக்காங்க. யுவன் உங்க வலையத் தூக்கிட்டுப் போனா ஊர்ல பாத்துக்கிட்டு இருப்பாங்களா?

— கைய ஒடச்சிருப்பாங்க.

— யாரு தூக்குனா ஒண்ணும் கேக்க மாட்டாங்க?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லுங்க.

— பிஞ்சதக் கட்டுறதுக்கு வூட்டு ஆளுங்க எடுத்துட்டுப் போவாங்க. அத யாரு கேக்கப்போறா.

— எங்க ஊர்ல கோவம் வந்தா வைக்கப்போர் எரியும். சொந்த வெத நெல்லுக்கு யாரும் நெருப்பு வைக்க மாட்டாங்க, மனசு வராது. பகையாளியா இருந்தா மொதல்ல வலையிலதான் வச்சிருப்பான். இது வலையக் கொளுத்த மனசு வராத ஆளு. சாவி போட்டுத் தெறந்து, எடுத்து வச்சுட்டு, பூட்டிட்டுக் கொளுத்தியிருக்காங்க. சாவி யாருகிட்ட இருந்துச்சு?

— நான்தான்.

— என்ன, நீங்கதான்?

— நான்தான் கொளுத்துனேன். எழுதிக்குங்க. யுவன் மேல ஆத்திரம். மாட்டிவுடணும்னு பண்ணேன்.

— இப்ப வரைக்கும் அவன்தான் திருடுனான்னீங்க.

— பொய் சொன்னேன். சாவி என்கிட்ட மட்டுந்தான் இருந்துச்சு, சத்தியமா. வெளிய நிக்கிற இன்ஸ்பெக்டரக் கூப்புடுங்க. எல்லையம்மா, நீ எந்திரி. வூட்டுக்குப் போ.

— அப்ப வலையெல்லாம் எங்க?

— கடல்ல போட்டுட்டேன்.

— எரிக்க மனசு வரல, கடல்ல வீச மனசு வந்துச்சா?

— எங்கயோ வச்சேன் மேடம், நெனப்பு இல்ல. அந்தப் பையன வுட்டுடுங்க, என்ன எழுதிக்குங்க, அவ்வளவுதான? கும்புடுறேன். இந்தா, ஒன்னப் போன்னு சொன்னேன்ல!

— அவருக்குத் தெரியாதும்மா. நாலையும் எலி கடிக்காம ஒசரக் கட்டி வச்சிருக்கேன், வாங்க காட்டுறேன்.