ஐந்து விநாடிக்கு ஒரு புள்ளி

காலை நடையைப் பதிவு செய்ய மலிவாக ஒரு கருவி வாங்குவதென்றால் திரையைப் பார்க்காதீர்கள் ஐயா, பேட்டரியைப் பாருங்கள். என் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வண்ணத் திரையில்தான் மயங்குவார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்ட இரண்டு பேரை எனக்கே தெரியும்.

போன வாரம் ஸ்டேஷனிலிருந்து வந்து அண்ணனின் துணிமணிகளைப் பையில் போட்டு எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கும்போது நீங்கள்தான் கேட்டீர்கள். பைக்குள் இருந்த அந்தக் கறுப்புக் கருவியைக் காட்டி, "நானும் தெனமும் ஒரு மணி நேரம் நடக்கறேன். எந்தெந்தத் தெருவுல நடந்தேன்னு சேத்து வச்சுக்கணும்னு ஆசை. கட்டுப்படியாகுற மாதிரி எது நல்லா இருக்கும்?" என்றீர்கள். யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்றேன். சாவு வீட்டில் இதைக் கேட்டுவிட்டோமே என்று உங்களுக்கே கூச்சமாக இருந்தது. கூச்சப்பட வேண்டாம். இந்தப் பத்து நாளில் எனக்குப் பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் தேவைக்கு மூன்று வகை உண்டு. கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டுவது ஒன்று. பார்க்க அழகு, ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும். இரண்டாவது தீப்பெட்டி அளவில் இருக்கும். உள்ளே சிம் உண்டு. போட்டிருப்பவர் இந்த நிமிடம் எங்கே இருக்கிறார் என்று வீட்டில் இருப்பவரின் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்றாவதும் பார்வைக்கு அதே மாதிரிதான், சிம் மட்டும் கிடையாது. ஐந்து விநாடிக்கு ஒரு புள்ளியாக நடையைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். வீட்டுக்குக் கொண்டுவந்து கணினியில் மாட்டினால்தான் எங்கே போனோம் என்பது தெரியும். ஒரு முறை சார்ஜ் போட்டால் இரண்டு முழு நாள் தாங்கும். பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கும். நல்ல மரம், பழைய கட்டடம் என்று ஏதாவது பிடித்துப்போனால் அதை அழுத்தலாம். 'பீப்' என்று ஒரு சத்தம் வந்து, வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு குறி விழும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே மட்டும் புள்ளி கொஞ்சம் தடுமாறி, தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குதிக்கும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் மூன்றாவதையே வாங்குங்கள். அண்ணனுக்கு நான் வாங்கியதும் அதுதான்.

அண்ணனுக்கு அதைத் தேர்ந்தெடுத்தபோது நான் என்ன யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் முப்பத்தோரு வருடம் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, 'மீட்டர்' என்றால்தான் தெரியும். ஓய்வு பெற்று நாலு வருடத்தில் ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. ஆனால் கால்கள் மட்டும் பழைய வட்டத்தை மறக்கவில்லை. காலை எட்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார். யார் வீட்டுக் கேட்டையாவது திறந்து, மீட்டருக்கு முன்னால் நின்று எண்களை உரக்கப் படிப்பார். ஒரு வீட்டம்மா அவர் படிப்பதைத் தினமும் நோட்டில் எழுதுகிற மாதிரி நடிப்பாராம். நாய்களுக்கும் அவரைப் பழக்கம். வட்டம் முடிந்தால் பன்னிரண்டரைக்குள் தானாக வீடு திரும்பிவிடுவார். எப்போதாவது கால் தடம் மாறினால்தான் வம்பு.

அப்படித் தடம் மாறிய பதினோரு முறையும் அவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தவன் நான். அண்ணி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் பகல் முழுக்க நிற்பவர். மகள் வெளியூரில். அண்ணி போன் செய்வார், நான் கடையைப் பூட்டிவிட்டுப் போவேன். அவர்கள் தெரு மருந்துக்கடைக்காரரும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் ஆளுக்கொரு பக்கம் கிளம்புவார்கள். பதினோராவது முறை பேருந்து நிலையத்தில் இருந்தார். வேட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "நீ எந்த வட்டம் பாக்கற?" என்று கேட்டார். என்னையும் மீட்டர் பார்க்கிற ஆள் என்று நினைத்துவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இது இன்னும் பத்து வருடம் போகுமே என்று இருந்தது. ஆள் நல்ல திடகாத்திரம்.

அந்த வாரம்தான் அண்ணி கடைக்கு வந்தார். "தம்பி, எங்க போனாலும் காட்டிக் கொடுக்குற மிஷின் ஒண்ணு இருக்காமே. நீதான் இதுலயே ஊறினவன். ரொம்ப வெலையா வேண்டாம், பாத்து ஒண்ணு வாங்கிடேன்."

மேசையில் மூன்றையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தேன். சிம் உள்ளதற்கும் இல்லாததற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதை ஒரு காரணமாகச் சொல்ல மாட்டேன். நான் யோசித்தது வேறு. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால், தெரிந்தவன் போயாக வேண்டும். அந்தப் போன் என் சட்டைப் பையில் இருக்கும். தெரியாவிட்டால் போக வேண்டியதில்லை. மூன்றாவதை வாங்கினேன்.

அண்ணியிடம் இருப்பது பழைய பட்டன் போன். அதனால் எல்லாம் என் போனில்தான் தெரியும் என்றேன், நம்பினார். அண்ணனின் இடுப்புப் பட்டையில் கருவியை மாட்டிவிட்டு, அவர் விரலைப் பிடித்துப் பட்டனில் வைத்து, "வழி தெரியலன்னா இத அழுத்துண்ணா. சத்தம் வந்துச்சுன்னா எனக்குத் தெரிஞ்சிடும், வந்துடுவேன்" என்று சொன்னேன். அண்ணி பக்கத்தில் இருந்தார், அவர் கேட்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அண்ணன் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பீப் என்றது. "அட" என்று சிரித்தார். நேற்றுச் சாப்பிட்டது நினைவில் நிற்காத மனிதருக்கு அது மட்டும் எப்படியோ நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நாட்கள் சுமுகமாகப் போயின. மதிய இடைவேளையில் அண்ணி போன் செய்வார். "எங்க இருக்காருப்பா?" நான் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பூங்காவத் தாண்டிட்டார் அண்ணி, வந்துட்டே இருக்கார்" என்பேன். வாய் கூசவில்லை. அவரும் வந்துவிடுவார். பதினேழு முறை சொன்னேன், பதினேழு முறையும் பலித்தது. ஒரு நாள் கொஞ்சம் தாமதமானபோது மருந்துக்கடைக்காரர் தேடக் கிளம்பினாராம். தையல்காரம்மா, "தம்பிகிட்டதான் மிஷின் இருக்குல்ல, நீங்க எதுக்கு வெயில்ல?" என்று நிறுத்தியிருக்கிறார். முன்பு அவரைத் தேட நாலு பேர் இருந்தார்கள். நான் வாங்கிய கருவி நாலு பேரையும் உட்கார வைத்துவிட்டது. அன்றே எனக்கு இது புரிந்தது. புரிந்த பிறகும் மாற்றவில்லை.

சம்பவத்தன்று மதியம் ஒரு மணிக்கு அண்ணி கூப்பிட்டார். வீட்டுக்கு வந்துவிட்டாரா என்று கேட்டார். "நூலகத்துக்கிட்ட உக்காந்திருக்கார்" என்றேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டார். "கெளம்பிட்டார், மெதுவா வரார்" என்றேன். நாலரைக்குக் கூப்பிட்டபோது அண்ணியின் குரலில் பயம் இருந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டார். "எதுக்கு அண்ணி, வீட்டு முனைக்கு வந்துட்டார்" என்றேன். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு அவர் அழுதபோதுதான், கருவியில் ஏதோ கோளாறு என்று சொல்லி நானும் தேடக் கிளம்பினேன். சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் ஏழு மணிக்குக் கண்டுபிடித்தது உங்கள் ஆட்கள். அன்று விடுமுறை, அங்கே வேலையாட்கள் யாருமில்லை.

"விழுந்த ஒடனே உயிர் போயிருக்கும்மா, வலி தெரிஞ்சிருக்காது" என்று அண்ணிக்கு ஆறுதல் சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள். ஆனால் அது உண்மையில்லை. கருவியை நான் கணினியில் மாட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு அவர் பள்ளத்தில் விழுந்திருக்கிறார். அதன் பிறகு புள்ளிகள் நகரவில்லை. ஆனால் அந்த ஒரே இடத்தில் அறுபத்து மூன்று குறிகள் இருக்கின்றன. அறுபத்து மூன்று முறை பட்டனை அழுத்தியிருக்கிறார். முதலில் நிமிடத்துக்கு ஒன்று, பிறகு கால்மணிக்கு ஒன்று. கடைசிக் குறி மாலை நாலு இருபத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் பீப் என்று கேட்டிருக்கும். நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

இப்போது அண்ணியைப் பற்றி எழுத வேண்டும். இந்தக் கடிதமே அவருக்காகத்தான். சாயங்காலம் வரை ஏன் தேடவில்லை என்று நீங்கள் விசாரித்தபோது, "வேலை மும்முரத்துல கவனிக்காம விட்டுட்டேன் சார், என் தப்புதான்" என்று அவர் சொன்னார், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். தகனம் முடிந்த மறுநாள் மகள் அவரை நிற்க வைத்துக் கேட்டாள். "மிஷின் இருக்குன்னு பெருமையா சொன்னியேம்மா, சித்தப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல."

"ஒரு போன் பண்ண உனக்குக் கை வரலியா? துணி தொவைக்கறதுதான் பெருசாப் போச்சா?"

நான் அதே கூடத்தில் நாற்காலி மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாற்காலியை எடுத்து மடித்தேன். மகள் அன்று சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகும்போது அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு சமையலறையில் அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நான் கூப்பிட்டேன்னு சொன்னா, நீ சொன்னதெல்லாம் வெளிய வரும். மிஷின் தப்பாக் காட்டினதுக்கு நீ என்ன பண்ணுவ தம்பி? பாத்துப் பாத்து வாங்கின. அவரும் போய்ட்டாரு. உன்னையும் ஒடச்சுப் போட எனக்கு மனசு வரல." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். நான் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் செய்தது பாவம் என்று எனக்குத் தெரிகிறது. மிஷின் தப்பாகக் காட்டவில்லை, அது எதையும் காட்டவே இல்லை என்று அண்ணியிடம் சொல்லப் பலமுறை போனேன். ஒவ்வொரு முறையும் அவர் "சாப்பிட்டியா?" என்று கேட்டார், நான் திரும்பிவிட்டேன். அதனால் நீங்கள் சொல்லிவிடுங்கள். மகளிடமும் சொல்லுங்கள், அவள் அம்மா மூன்று முறை கூப்பிட்டார் என்று. என் போனில் நேரம் பதிவாகியிருக்கிறது. கருவியில் இருந்த பதிவையும் இத்துடன் அனுப்புகிறேன்.

அதைத் திறந்து பார்த்தால் நான் இதுவரை எழுதாமல் விட்டதையும் பார்ப்பீர்கள். பள்ளத்துக்குப் போகும் முன்பே வேறோர் இடத்தில் ஒன்பது குறிகள் இருக்கும். பதினொன்று ஐம்பத்திரண்டிலிருந்து பன்னிரண்டு பதினான்கு வரை. அது என் கடைக்கு நேர் எதிரே, மூடிக்கிடக்கும் அச்சகத்தின் வாசல். இந்தக் கடையை எனக்குப் பிடித்துக் கொடுத்ததே அண்ணன்தான். மூன்று மாதமாக இந்த மீட்டர் ஓடவில்லை, இடம் காலியாகத்தான் இருக்கும், போய்க் கேள் என்று சொல்லி அனுப்பினார். என் பெயரை மறந்த பிறகும் கடையை மறக்கவில்லை. வண்டிகளுக்குப் பயந்து சாலையைத் தாண்ட மட்டும் மாட்டார். எதிரே நிற்பார், நான் போய்க் கையைப் பிடித்து இந்தப் பக்கம் அழைத்து வருவேன்.

புள்ளி தெரு தாண்டிக் குதிக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன். எங்கள் தெருவில் அத்தனை உயரமான கட்டடம் எதுவும் இல்லை. கடையில் கூட்டம், நான் கவனிக்கவில்லை என்று இந்தக் கடிதத்தில் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கடையில் ஈ காக்கை இல்லை. அவர் வந்து நின்றதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கருவியைக் கழற்றி எனக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்து அழுத்துவார், சிரிப்பார், காத்திருப்பார். மறுபடி அழுத்துவார். வேட்டி நனைந்திருந்தது.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஷட்டரை உள்ளிருந்து இறக்கினேன். தினமும் ஒன்றரைக்குத்தான் இறக்குவேன். அன்று பன்னிரண்டே காலுக்கு இறக்கினேன்.