ஆளில்லாத ஒரு மணி நேரம்

— கழட்டுங்க அதை. காது செவந்து போச்சு.

— இரு. கடைசியில என்னமோ சொல்றார், சரியா கேக்கல.

— எத்தனை தடவை கேப்பீங்க? வந்ததுலேர்ந்து அந்த ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. சட்டை கூட மாத்தல, இன்னும் ஈரமா இருக்கு பாருங்க.

— குட்டி கட்டிப்பிடிச்ச ஈரம் அது. காயட்டும்.

— அவ எதிர் வீட்ல சர்டிபிகேட்டைக் காட்டிக்கிட்டிருக்கா. நீச்சல் போட்டியில நாலாவதா வந்ததுக்கு இவ்வளவு அலட்டல். வந்தவுடனே உங்களைத்தான் தேடுவா. இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ முன்னாடி நிக்காதீங்க.

— ஏம்மா, வெளிநாட்டுல ஒருத்தர் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நம்மளைக் கூப்பிட்டிருக்கார். இருபது முப்பது தடவை பட்டனை அமுக்கியிருக்கார். இங்க இந்த மேஜை மேல மணி அடிச்சிருக்கு. பூட்டின ரூம்ல அடிச்சிருக்கு. நான் அங்க குளத்தோரம் நின்னு கை தட்டிக்கிட்டிருக்கேன்.

— அவர் வெளிய வந்துட்டார்ல?

— வந்துட்டார்.

— அடி கிடி படலையே?

— இல்ல.

— அப்புறம் என்னங்க. ஒரு மணி நேரம் உள்ள இருந்தார், வந்துட்டார். கஷ்டம்தான், இல்லேன்னு சொல்லல. கரண்ட் போனா நம்ம ஜனங்க இருக்கறதில்லையா?

— கரண்ட் போனா யாரும் எடுப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்க. அந்தப் பட்டன் பக்கத்துல எழுதி ஒட்டியிருக்கு, எந்த நேரமும் ஆள் இருப்பாங்கன்னு. அந்த ஆள் யாரு? நாமதானே. நாம லிஃப்ட் செய்யறோமா? ரிப்பேர் பண்றோமா? 'பயப்படாதீங்க, மெக்கானிக் கிளம்பிட்டார், நான் லைன்லயே இருக்கேன்'னு சொல்லணும். அதைச் சொல்லத்தான் இந்த ரூம், இந்த மேஜை, இந்த மெஷின் எல்லாம். அதைச் சொல்லக்கூட ஆளில்ல.

— கொஞ்சம் கேளுங்க. தண்ணி குடிங்க முதல்ல.

— வேண்டாம்.

— குடிங்கன்னா.

— ம்.

— இத்தனை வருஷத்துல ஒரு போனை விட்டிருக்கீங்களா? காய்ச்சல்ல படுத்தப்பகூட இந்த ரூம்லதானே பாயைப் போட்டீங்க. அவங்க ஊர் தூங்கறப்போ நாம முழிச்சிருக்கோம், அதுதான் நம்ம பொழைப்புன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவீங்க. ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் தப்பிடுச்சு. மனுஷன்தானே நீங்க.

— எப்படித் தப்பிடுச்சுன்னுதான் எனக்குப் புரியல. வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற விஷயம். வெயில் காலம் முடிஞ்சா அந்த ஊரே கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி தள்ளி வெச்சுக்கும். அவங்களுக்கு ஒரு மணி நேரம் தூக்கம் மிச்சம், நமக்கு ஒரு மணி நேரம் வேலை கூட. அங்க லிஃப்ட் கம்பெனி ஆளுங்க காலையில அஞ்சரை மணிக்கு வந்து லைனை வாங்கிக்குவாங்க. நேத்து வரைக்கும் அது நமக்கு மத்தியானம் மூணு மணி. இன்னிக்கு நாலு. நான் என்னடான்னா மூணு அடிச்சதும் பூட்டைப் போட்டுட்டுக் கிளம்பிட்டேன்.

— நான்தானே போன் பண்ணி 'மூணாச்சு, கிளம்புங்க'ன்னு சொன்னேன்.

— நீ சொன்னா? தெரிஞ்சிருக்க வேண்டியது நானு. உன் மேல எதுக்குப் பழியைப் போடறது?

— போட்டுக்கோங்களேன். போட்டா என்ன இப்ப.

— சும்மா இரு. வாசல்ல ஸ்கூட்டரை எடுக்கும்போதுகூட எனக்கு ஏதோ மாதிரி இருந்துச்சு. எதையோ மறந்துட்டுப் போற மாதிரி. பாக்கெட்டைத் தொட்டுப் பாத்தேன், சாவி இருக்கு, பர்ஸ் இருக்கு. சரின்னு போயிட்டேன். ஒரு பாட்டு வேற முணுமுணுத்துக்கிட்டே போனேன்மா. அதை நினைச்சாத்தான் எனக்கு என்னமோ பண்ணுது.

— சந்தோஷமாப் போனீங்க. அதுல என்ன தப்பு? மூணு வருஷமா அவ நீந்தறா, இன்னிக்குத்தான் நீங்க வந்து நின்னீங்க. பாதிக் குளத்துல தலையைத் தூக்கி உங்களைத் தேடினாளே, பாத்தீங்களா?

— பாத்தேன். அதுலதான் பின்தங்கிட்டா. நான் கையைக் காட்டியிருக்கக் கூடாது.

— ரெண்டாவதா வர வேண்டியவ, நாலாவதா வந்தா. வெளிய வந்து என்ன சொன்னா தெரியுமா? 'அம்மா, அப்பா நின்னுக்கிட்டே பாத்தாரு, உக்காரவே இல்ல'ன்னா. பந்தயத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

— ம்.

— உங்ககிட்ட நான் இதைச் சொன்னதில்ல. போன மாசம் அவங்க நீச்சல் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, 'உங்க வீட்டுக்காரர் எப்போ ஊருக்கு வர்றார்'னு கேட்டார். எந்த ஊருக்குன்னு முழிச்சேன். இவ சொல்லியிருக்கா, அப்பா வெளிநாட்டுல வேலை பாக்கறார்னு.

— என்னது?

— திட்டலாம்னுதான் வந்தேன். 'ஏன்டி இப்படிப் பொய் சொன்னே'ன்னேன். 'பொய் இல்லம்மா, அப்பா அந்த ஊர் மணிக்குத்தானே இருக்கார்'னா. நிஜம்தானே? நீங்க இங்க சோறு சாப்பிட்டுக்கிட்டே அங்க மணி என்னன்னு சொல்லுவீங்க. இங்க மழை பெய்யறது உங்களுக்குத் தெரியாது, அங்க பனி கொட்டறது தெரியும். நாலு பொண்ணுங்க வேலைக்கு இருக்காங்க, அவங்களுக்கெல்லாம் ஞாயித்துக்கிழமை லீவு. உங்களுக்கு மட்டும் கிடையாது. இவளுக்குப் போட்டின்னா அது ஞாயித்துக்கிழமைதான்.

— அதுக்காக ஒரு ஆளை லிஃப்ட்ல தொங்க விடலாமா?

— நான் அப்படிச் சொல்லல.

— சொல்லல. ஆனா அதானே நடந்திருக்கு.

— திரும்பத் திரும்ப அதையே ஏன் பேசறீங்க? ஒரு மணி நேரம்தானே. மன்னிப்பு கேட்டா முடிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை விடியக்காலம், அந்த ஆளுக்கு அப்படி என்ன தலை போற அவசரம்?

— இங்க உக்காரு.

— நான் நின்னுக்கறேன். சொல்லுங்க.

— உக்காருன்னு சொல்றேன்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லல நானு. குட்டி இருந்தா, அதனால சொல்லல.

— என்னங்க?

— அவரோட அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார். ரொம்ப நாளா. விடியக்காலம் அங்கேர்ந்து போன் பண்ணியிருக்காங்க, சீக்கிரம் வந்துடுங்கன்னு. இவர் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடி வந்து லிஃப்ட்ல ஏறியிருக்கார். ரெண்டு மாடி இறங்கி நின்னு போச்சு.

— ஐயோ.

— உள்ள செல்போனுக்குச் சிக்னல் இல்ல. நம்ம பட்டன் ஒண்ணுதான். முதல்ல ரொம்ப மரியாதையா பேசறார். 'மன்னிக்கணும், காலையில தொந்தரவு பண்றேன், லிஃப்ட் நின்னு போச்சு'ங்கறார். அப்புறம் 'யாராவது இருக்கீங்களா'ங்கறார். அப்புறம் கத்தறார், கதவை உதைக்கறார். அப்பா காத்துக்கிட்டிருக்கார், அப்பா காத்துக்கிட்டிருக்கார்னு அதையே சொல்றார். எல்லாம் இதுல பதிவாகியிருக்கு. அப்புறம் என்ன பண்றார் தெரியுமா? கத்தினதுக்கு மன்னிப்பு கேக்கறார். காலி ரூமைப் பாத்து மன்னிப்பு கேக்கறார்மா.

— போய்ச் சேந்தாரா? அப்பாவைப் பாத்தாரா?

— அவங்க ஆளுங்க அஞ்சரை மணிக்கு வந்து லைனை எடுத்தவுடனே மெக்கானிக்கை அனுப்பிட்டாங்க. வெளிய எடுத்து, அந்த மெக்கானிக்கே தன் வண்டியில கொண்டுபோய் விட்டிருக்கார். அதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

— எவ்வளவு நேரத்துக்கு முன்னாடி?

— கேக்காத.

— சொல்லுங்க.

— கொஞ்சம் முன்னாடிதான். போனை எடுக்க ஆள் இருந்திருந்தா பாத்திருப்பார். கையைப் பிடிச்சிருப்பார்.

— கடவுளே.

— பெரியவர் நர்ஸ்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாராம், பையன் கிளம்பிட்டானா, பையன் கிளம்பிட்டானான்னு.

— போதுங்க. நிறுத்துங்க.

— ஏம்மா, என்ன ஆச்சு? ஏன் எழுந்துட்டே?

— ஒண்ணுமில்ல.

— இதுக்குத்தான் சொல்லாம இருந்தேன். நீ ஏன் அழறே? செஞ்சது நானு.

— தலை போற அவசரமான்னு கேட்டேனே நானு. என் வாய் அழுகணும்.

— உனக்குத் தெரியாதில்ல.

— யார் சொன்னாங்க இதையெல்லாம் உங்களுக்கு?

— அங்க இன்னிக்கு டூட்டியில இருக்கற மேனேஜர். குட்டி டிரஸ் மாத்தப் போனாளே, அப்போ எனக்கு போன் வந்துச்சே. அதுதான். 'உங்க பக்கம் ஒரு மணி நேரம் யாரும் எடுக்கலையே, என்ன ஆச்சு'ன்னு கேட்டார். அப்போதான் கடிகாரமே ஞாபகம் வருது எனக்கு. 'வீட்டுக்குப் போய் ஆபீஸ் ரூம்ல பாத்துட்டுக் கூப்பிடறேன்'னேன். விட மாட்டேங்கறார். 'கடிகாரம் மாத்தறதைப் பத்தி உங்களுக்குத் தகவல் வந்துச்சா இல்லையா'ன்னு கேட்டார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— வரலேன்னு சொன்னேன்.

— அப்படியா சொன்னீங்க?

— வரலையே. உண்மையைத்தானே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அங்க ஷிஃப்ட் பாக்கற அம்மா முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிடுவாங்க. மெயில்ல நம்பிக்கை இல்ல அவங்களுக்கு. குரலைக் கேட்டாத்தான் நிம்மதிம்பாங்க. 'என்னப்பா, கடிகாரத்தைத் திருப்பணும், ஞாபகம் இருக்கா'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. நான் ஸ்டூல் மேல ஏறி அந்தச் சுவர்க் கடிகாரத்துல முள்ளைத் திருப்பற வரைக்கும் போனை வைக்க மாட்டாங்க. இந்தத் தடவை கூப்பிடவே இல்ல.

— அவங்களை மாட்டி விடறதா ஆகிடாதா அது?

— நானா மாட்டி விட்டேன்? கேட்டார், சொன்னேன். ஆனா ஒண்ணு சொல்றேன், மறைக்காம சொல்றேன். சொன்னவுடனே எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. பாரம் பாதி இறங்கின மாதிரி. வண்டியில குட்டி முதுகுல சாஞ்சுக்கிட்டு வர்றா, நான் அந்தம்மாவை நினைச்சுக்கிட்டே வர்றேன். தப்பு எனக்கு மட்டும் இல்லேன்னு எனக்கே சமாதானம் சொல்லிக்கிட்டே வர்றேன். எவ்வளவு கேவலமா இருக்கு பாரு.

— அவங்களை என்ன பண்ணுவாங்க?

— விசாரிச்சிருக்காங்க. நீ மாடியில துணி எடுக்கப் போனப்ப மறுபடி மேனேஜர் பேசினார். அந்தம்மா 'நான் சொன்னேன், சத்தியமா சொன்னேன்'னு நிக்கறாங்களாம். யார்கிட்ட, எப்போன்னு கேட்டா தடுமாறறாங்களாம். அழறாங்களாம். சமீபமா நிறைய மறக்கறாங்கன்னு ஏற்கெனவே அங்க ஒரு பேச்சு இருக்கு போல. இதையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— இன்னிக்கேவா?

— இன்னிக்கே. நான் உறுதியா ஒரு வார்த்தை சொன்னா போதுமாம். அதுக்குத்தான் கூப்பிடச் சொல்லியிருக்கார். பாவம்தான், எனக்கும் மனசு கேக்கல. ஆனா பொய் சொல்றாங்களேம்மா. மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா நான் காலைப் பிடிச்சாவது அவங்களைக் காப்பாத்தியிருப்பேன். ஒரு மனுஷன் அப்பா மூஞ்சியைப் பாக்க முடியாம போயிட்டான், அதுலயும் சொன்னேன் சொன்னேன்னு சாதிச்சா?

— ஒருவேளை சொல்லியிருந்தாங்கன்னா?

— சொல்லியிருந்தா எனக்குத் தெரியாதா? நான் செவிடா?

— கூப்பிட வேண்டாங்க. நாளைக்குப் பேசிக்கலாம்.

— நாளைக்கு என்ன நாளைக்கு. தள்ளிப் போட்டா நாம மறைக்கறோம்னு நினைப்பாங்க. இந்த நாலு பொண்ணுங்க வேலையும் இதுலதான் தொங்குது. நம்ம தப்பு நம்மளோடதுதான், அதையும் சொல்லிடறேன். அந்தம்மா சொல்லலேங்கறதையும் சொல்லிடறேன். தகவல் வரலே, நாங்களா கவனிச்சிருக்கணும், கவனிக்கல. முடிஞ்சுது. அதை நகத்து, நம்பர் போடணும்.

— கேளுங்க. ஒரு நிமிஷம் கேளுங்க.

— ரிங் போகுது. இரு, ஸ்பீக்கர்ல போடறேன்.

— போனை வைங்க.

— எதுக்கு?

— வைங்க, நான் பேசறேன். நேத்து நீங்க குளிக்கப் போயிருந்தப்ப அந்தம்மா கூப்பிட்டாங்க, எடுத்தது நானு. 'நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலா உக்காரணும், அவர்கிட்ட மறக்காம சொல்லிடும்மா'ன்னாங்க. 'சரிங்கம்மா, சொல்லிடறேன்'னு அவங்களுக்கு வாக்கு கொடுத்துட்டு, போனை வெச்சுட்டு, குட்டிகிட்ட போய் 'அப்பா கட்டாயம் வருவார்டி'ன்னு சொன்னேன்.