ஒரு முழம் தள்ளி

“ஏட்டி, பேட்டரி தீர்ந்த பெட்டிக்கு மறுபடி உயிர் வருமா?”

ஒரு நாள் கரண்ட் போன நேரத்தில் ஆறுமுகத்தாய் என்னைக் கேட்டாள். நாலைந்து பேர் ஒரே சிம்னி விளக்கை நெருங்கி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தோம். அவளே சொன்னாள். அவள் அண்ணன் தாணுமாலையனுக்கு நடந்தது.

மாலை ஆறரை மணி. கொக்கிரகுளத்துக்குக் கீழே, ஆற்றுக்கு இறங்கும் மண்பாதை. ஆளே இல்லை. தாணு ஒரு சின்ன வண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான்...

காலேஜில் அவனும் கூட்டாளி எபியும் சேர்ந்து செய்த வண்டி. தானே ஓடும். தீப்பெட்டியளவு ரேடியோப் பெட்டிகளை அறை மூலைகளில் வைப்பார்கள். சுவரைக்கூடத் தாண்டாத மெல்லிய அலை. அது கூடுவதையும் குறைவதையும் வைத்து, பெட்டி எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று வண்டி கண்டுகொள்ளும். தேடிப் போய், ஒரு முழம் தள்ளி நின்றுவிடும்.

“மேல வந்து விழக்கூடாதுலே. அது என்ன, நீயா?” என்பான் எபி.

தண்ணீருக்கு மேல் அலை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க, சட்டைப்பையில் ஒரு பெட்டியோடு எபி ஆற்றில் இறங்கினான். திரும்பவில்லை. நாலு நாள் தேடியவர்களும் ஓய்ந்துபோனார்கள். அந்தப் பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்காது. தாணுவுக்குத் தெரியும். வேறு வழிதான் தெரியவில்லை.

பாதை முடியும் இடத்தில் எபியின் அம்மா ஜெபகனி உட்கார்ந்திருந்தாள். தூங்காத கண்கள்.

“வீட்டுக்கு வாங்கம்மா.”

“அவனக் கூட்டிட்டுத்தான் வருவேன். நீ போய்யா.”

தாணு வண்டியை ஆற்றைப் பார்க்க வைத்து முடுக்கினான். ர்ர்ர்... தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. பைய திரும்பியது. ஜெபகனியை நோக்கி வந்து நின்றது.

ஒரு முழம் அல்ல. இரண்டு முழம் தள்ளி.

தூக்கி வேறு பக்கம் வைத்தான். மறுபடி அங்கேயே வந்தது. பாசி வாடை அடித்தது. அவளுக்கும் வண்டிக்கும் நடுவில், அவளை ஒட்டி மண் நனைந்திருந்தது... ஒருவர் உட்காரும் அளவுக்கு.

ஜெபகனி வண்டியைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து, தலை இருக்கும் உயரத்தில், காற்றை மெதுவாகத் துவட்டினாள்.

பிறகு எழுந்து, வீட்டைப் பார்க்க நடந்தாள். வண்டி பின்னாலேயே போனது... நடுவில் ஒரு ஆள் நடக்க இடம் விட்டு.